கரைப்பறவைப் படங்கள்: கேள்வி-பதில்

கே: நெடுங்கால் உள்ளானின் மார்பில் ஒரு இறகுகூடத் தெரிவதில்லை. சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிடுகிறது.

ப: கருஞ்சேற்றில் சின்னதாக வெள்ளைப் பறவை. கேமரா சேற்றை அளந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1 வரை குறைக்கலாம். ஆனால் அதே பறவை மினுங்கும் உப்பளத் தண்ணீருக்கு நகர்ந்தால் அந்த மைனஸே படத்தை இருட்டாக்கும். பின்னணிதான் மாறுகிறது, பறவைமேல் விழும் வெயில் மாறவில்லை. எனவே மேனுவல்: அளவுகளை நீங்களே நிலையாக வைத்துவிடுங்கள். காலை வெயிலில் ஷட்டர் 1/2000 நொடி, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 400 வாக்கில் தொடங்கி, மார்பில் ஹைலைட் எச்சரிக்கை (வெளுத்துப்போன இடத்தைத் திரையில் காட்டுவது) சிமிட்டுவது நிற்கும்வரை ஷட்டர் வேகத்தை ஏற்றுங்கள். ரா கோப்பில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள்.

கே: என் படங்கள் ஷார்ப்பாக வருவதில்லை. ஏன்?

ப: ஷட்டர், தூரம், பறவை நின்றதா பறந்ததா, எதையும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? ஊகித்துச் சொல்கிறேன்: கொசு உள்ளான் இரை கொத்தும்போது தலை தையல் மெஷின் ஊசி போல ஏறி இறங்கும். நிற்கிற பறவைதானே என்று 1/500 வைத்தால் கால் தெளிவாக இருக்கும், கண் கலங்கியிருக்கும். 1/1600க்குக் கீழே போகாதீர்கள். பறந்தால் 1/2500.

கே: பத்தரை மணிக்கு மேல் எடுத்தவை எல்லாமே மங்கல். 150-600 மி.மீ. லென்ஸை மாற்றலாமா?

ப: பணத்தை வீணாக்காதீர்கள். அது கானல். சூடேறிய சேற்றின்மேல் காற்று அடுக்கடுக்காக நெளிகிறது. எந்த லென்ஸும் அதைத் தாண்டாது. லைவ் வியூவில் (கேமராத் திரையில்) பெரிதாக்கிப் பாருங்கள், பறவையின் விளிம்பே அலையும். எட்டரைக்குள் முடியுங்கள், அல்லது மேகமூட்ட நாளில் போங்கள்.

கே: யு.வி. ஃபில்டர் தேவையா?

ப: வேண்டாம். லென்ஸ் முன் மாட்டும் ஹூட் போதும்.

கே: கோடியக்கரையில் கூட்டம் மொத்தமாக எழும் படம் வேண்டும். நண்பர் ஒரு பக்கமிருந்து ஓடி விரட்டினால் தவறா?

ப: தவறு. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவுதான். அந்த உடம்பில் கொழுப்பு சேர்த்துத்தான் அது ஆர்க்டிக் வரை திரும்பிப் போக வேண்டும். வீணாக எழும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கரைகிறது. ஓதம் (கடலின் ஏற்றநீர்) ஏறி, ஒரே திட்டில் ஒடுங்கி ஓய்வெடுக்கும் நேரத்தில் விரட்டுவது இன்னும் கொடுமை. படமாகவும் அது தேறாது: விரட்டப்பட்ட பறவை முதுகைத்தான் காட்டும். பறவைகள் காற்றை எதிர்த்தே எழும், எதிர்த்தே இறங்கும். வடகிழக்குக் காற்று வீசும் நாளில் காலை வெயிலை முதுகில் வாங்கி மேற்கே பார்த்து உட்காருங்கள். இறங்கும் கூட்டம் உங்களை நோக்கியே வரும், கண்ணிலும் வெளிச்சம் இருக்கும். அசையாமல் ஒரு மணி நேரம். நெருங்கும்போது, இரை பொறுக்கும் பறவை தலை தூக்கினால் நில்லுங்கள். இரண்டாவது முறை தூக்கினால் பின்வாங்குங்கள்.

கே: தாழ்ந்த கோணத்துக்கு எந்த ட்ரைபாட்?

ப: ட்ரைபாடே வேண்டாம். படுத்துக்கொள்ளுங்கள். பழைய வாணலியில் இரண்டு கிலோ அரிசிப் பை வைத்து அதன்மேல் லென்ஸ். சேற்றில் புதையாது, தள்ளினால் வழுக்கிக்கொண்டே முன்னே போகும். அதற்காகக் கூட்டத்துக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போய்விடாதீர்கள். தலை தூக்கினால் நில்லுங்கள்.