சுவரைத் துளைக்காமல் அறைக்கு அறை இணையம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரவுட்டர் முன்னறையில் இருக்கிறது. பின்னறையில் சிக்னல் ஒரே கோடு. ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வாங்கிப் பின்னறையில் மாட்டினேன். இப்போது கோடுகள் முழுசாக வருகின்றன, வீடியோ மட்டும் பழையபடி நின்று நின்றுதான் ஓடுகிறது. கருவி பழுதா?

பதில்: பழுதில்லை, மாட்டிய இடம்தான் தப்பு. ஃபோனில் தெரியும் கோடுகள் ஃபோனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ள சிக்னலை மட்டுமே காட்டும். ரிப்பீட்டருக்குக் கிடைப்பதோ சுவர்களைத் தாண்டி வந்த அதே நைந்த சிக்னல். அதைக் கழற்றிப் பாதி வழியில் மாட்டுங்கள். வைஃபை அனலைசர் செயலியில் ரவுட்டரின் சிக்னல் அங்கே மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்) அளவில் இருக்க வேண்டும். மைனஸ் 75 காட்டினால் ரவுட்டர் பக்கம் இன்னும் நகர்த்துங்கள். ஒரே பேண்டில் (அலைவரிசையில்) வாங்கி அதே பேண்டில் அனுப்பும் ரிப்பீட்டர் என்றால், ஒவ்வொரு தகவலும் இரண்டு முறை காற்றில் போவதால் வேகம் பாதியாகும். இரண்டு பேண்டும் உள்ளதில், ரவுட்டர் பக்கத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸையும் ஃபோன் பக்கத்துக்கு 2.4ஐயும் ஒதுக்கலாம்.

ரவுட்டர் டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவுக்குள்ளோ இருக்கிறதா? முதலில் அதை வெளியே எடுத்து உயரமான இடத்தில் வையுங்கள். இதற்குச் செலவே இல்லை.

கேள்வி: வீட்டுக் கரண்ட் ஒயர் வழியாக இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டரின் பெட்டியில் 600 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. எனக்கு 40தான் வருகிறது. ஏன்?

பதில்: 600 என்பது கரண்ட் ஒயருக்குள் ஓடும் கச்சா வேகம். பிழைதிருத்தமும் போக வர இரண்டு பக்கமும் அதற்குள்ளேயே அடக்கம். அந்த வகைப் பலவற்றில் நெட்வொர்க் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். ஆனாலும் 40 குறைவுதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தால் எடுத்து, நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். சர்ஜ் புரொடெக்டர் வேண்டவே வேண்டாம். ஒயரில் வரும் உயர் அதிர்வெண் இரைச்சலை வடிகட்டுவதே அதன் வேலை, அடாப்டரின் சிக்னலையும் சேர்த்து வடிகட்டிவிடும். பக்கத்து சாக்கெட்டில் உள்ள சார்ஜரைக் கழற்றியும் வேகத்தைப் பாருங்கள். மூன்று ஃபேஸ் வீட்டில் இரண்டு அடாப்டரும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் இணைப்பு தள்ளாடும், சில வீடுகளில் கிடைக்கவே கிடைக்காது.

இன்னொன்று, பெரும்பாலானோர் விட்டுவிடுவது. இரண்டு அடாப்டரிலும் உள்ள பேர் (Pair, ஜோடி சேர்க்கும்) பட்டனை, ஒன்றை அழுத்திய இரண்டு நிமிடத்துக்குள் மற்றதையும் அழுத்துங்கள். ஹோம்பிளக் (பவர்லைனுக்கான ஒரு தர முறை) வகை அடாப்டர்கள் பல பொதுவான கடவுச்சொல்லோடுதான் வருகின்றன. அடுக்குமாடியில் ஒயரிங் பொதுவாக இருந்தால் அடுத்த வீட்டு அடாப்டர் உங்கள் நெட்வொர்க்கில் சேர்ந்துவிடலாம். பட்டன் அழுத்தினால்தான் உங்களுக்கென்று தனிச் சாவி உருவாகும்.

கேள்வி: பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. பயன்படுமா?

பதில்: தாராளமாக. பின்னறை பவர்லைன் அடாப்டரோடு சேர்த்தால் நல்ல அக்சஸ் பாயிண்ட் (ஒயரில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் கருவி) ஆகிவிடும். கணினியை அந்தப் பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) இணைத்து அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். முதன்மை ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுத்துச் சேமியுங்கள். புது முகவரியில் மறுபடி நுழைந்து டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) அணையுங்கள். அணைக்காவிட்டால் இரண்டு ரவுட்டரும் முகவரி வழங்கும், சில ஃபோன்களில் வைஃபை இருக்கும், இணையம் இருக்காது. அடாப்டர் கேபிளை வேன் போர்ட்டில் (வெளியிலிருந்து இணையம் வரும் துளை) அல்ல, லேன் போர்ட்டில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் மட்டும் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6 அல்லது 11.