இன்டர்செக்‌ஷனாலிட்டினா என்ன? சாதி, பெண்ணியம்னு தனித்தனியா பேசினா போதாதா?

கேள்வியில ரெண்டு விஷயம் இருக்கு. இது என்னன்னு ஒண்ணு, சாதிக்கு ஒரு இயக்கம் பெண்களுக்கு ஒரு இயக்கம்னு இருக்கும்போது இது வந்து எல்லாத்தையும் உடைக்காதான்னு இன்னொண்ணு. டெஃபனிஷன் எல்லாம் விட்டுடறேன், எந்த கேஸை வச்சு இதைப் பேச ஆரம்பிச்சாங்கன்னு பார்த்தாலே பாதி புரிஞ்சிடும்.

அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல ஜெனரல் மோட்டார்ஸ் ஃபேக்டரி. 1964ல சிவில் ரைட்ஸ் சட்டம் (இனம், பாலினம் பார்த்து வேலையில பாகுபாடு காட்டக் கூடாதுன்ற சட்டம்) வர்ற வரைக்கும் கறுப்பினப் பெண்களை அங்க கிட்டத்தட்ட எடுக்கவே இல்ல, அப்புறமும் மெதுவாத்தான் எடுத்தாங்க. 70கள்ல பொருளாதார மந்தம் வந்ததும் ஆட்குறைப்பு. சீனியாரிட்டி படிதான் பண்ணாங்க, கடைசியா சேர்ந்தவங்க முதல்ல வெளிய. கேக்க ரொம்ப நியாயமான ரூல், ஆனா 1970க்கு அப்புறம் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போச்சு. அஞ்சு பேர் கேஸ் போட்டாங்க. 1976ல ஃபெடரல் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, கம்பெனி 64க்கு முன்னாடியே பெண்களை எடுத்திருக்கு, அதனால பாலினப் பாகுபாடு இல்ல. (எடுத்தது வெள்ளைக்காரப் பெண்களைன்றது வேற விஷயமாம்!) இனப் பாகுபாடுன்னா இதே கம்பெனி மேல ஏற்கனவே ஒரு கேஸ் ஓடுது, அதுல போய் சேர்ந்துக்கோங்க. ரெண்டையும் சேர்த்து ஒரு புது உரிமை எல்லாம் சட்டத்துல கிடையாது.

ஆக கம்பெனியில கறுப்பினத்தவர் இருக்காங்க, பெண்களும் இருக்காங்க, ரெண்டு கணக்கும் டேலி ஆயிடுச்சு, நடுவுல இவங்க மட்டும் காணோம். கிம்பர்லே கிரென்ஷான்ற சட்டப் பேராசிரியர் இன்டர்செக்‌ஷனாலிட்டின்ற பேரையே வச்ச 1989 கட்டுரையில இந்த கேஸைத்தான் எடுத்துக்கிட்டாங்க. நாலு ரோடு சேர்ற இடத்துல (இன்டர்செக்‌ஷன்னா அதுதான்) அடிபட்டுக் கிடக்குறவங்ககிட்ட எந்த ரோட்டுல வந்த வண்டி இடிச்சுச்சுன்னு கரெக்டா சொன்னாத்தான் ஆம்புலன்ஸ் வரும்னு சொல்ற மாதிரின்னு விளக்கினாங்க.

நிறைய பேர் இதை மார்க் போடுற விளையாட்டா நினைக்கிறாங்க, பெண்ணா ஒரு மார்க், தலித்தா இன்னொரு மார்க், மாற்றுத்திறனாளியா இன்னொண்ணு, கூட்டிப் பார்த்து யார் ரொம்ப பாவம்னு முடிவு பண்றது. அது இல்லவே இல்ல. அந்த அஞ்சு பேர் எங்களுக்கு ரெண்டு மடங்கு கஷ்டம்னு சொல்லல, எங்களுக்கு நடந்தது இனம், பாலினம்னு நீங்க போட்டு வச்ச ரெண்டு கட்டத்துலயும் வரலைன்னுதான் சொன்னாங்க. கட்டம் போட்டது யாரு, அவங்க யாரை மனசுல வச்சு போட்டாங்க, அதிகாரம் இருக்கிறது அங்கதான்.

இது என்னமோ அமெரிக்கா சமாச்சாரம்னு ஒதுக்கிடாதீங்க. 2021 ஏப்ரல்ல நம்ம சுப்ரீம் கோர்ட்ல ஒரு தீர்ப்பு, நீதிபதி சந்திரசூட் எழுதினது. ஆந்திராவுல 2011ல பட்டியல் சாதியைச் சேர்ந்த, பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு இளம்பெண் மேல நடந்த பாலியல் வன்முறை வழக்கு. சாதி, பாலினம், பார்வையின்மை மூணையும் பிரிச்சுப் பார்க்க முடியாதுன்னு கிரென்ஷா பேரைச் சொல்லியே பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. பலாத்காரத்துக்கு ஆயுள் தண்டனையை உறுதி பண்ணாங்க. ஆனா எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல கொடுத்த தண்டனை ரத்து! ஏன்னா அப்போ இருந்த பிரிவுபடி, அவங்க அந்த சாதி "என்ற காரணத்தால்" குற்றம் நடந்துச்சுன்னு அரசுத் தரப்பு தனியா நிரூபிக்கணும், அதுக்கு சாட்சி இல்ல. அதாவது செயின்ட் லூயிஸ்ல கேட்ட அதே கேள்விதான், எந்த வண்டி இடிச்சுச்சு? இப்படிக் கேட்டா நிரூபிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அந்தத் தீர்ப்பே புலம்புது, ஆனா சட்டத்தோட வார்த்தை அப்படி இருக்கும்போது அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியல. 2015 திருத்தத்துல, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதின்னு "தெரிந்தே" செஞ்சிருந்தா போதும்னு மாத்திட்டாங்க, அது நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில, இந்தப் பொண்ணுக்கு உதவல. எனக்கு இந்த முழு தியரியையும் புரிய வச்சது அந்த ஒரு வார்த்தை மாற்றம்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு, அது நம்ம வீட்டுக்குள்ளயே. ஆபீஸ்ல பாலியல் சீண்டல்னா 2013 சட்டப்படி உள்புகார் குழுவுக்குப் போகலாம்னு ஐடி கம்பெனியில வேலை பார்க்கிற பொண்ணுங்களுக்கு ஓரளவுக்குத் தெரியும். அதே சட்டம் வீட்டு வேலை செய்யுற அக்காவுக்கும் பொருந்தும், ஆனா பத்து பேருக்குக் கீழ வேலை பார்க்கிற இடத்துக்கு உள்புகார் குழு கிடையாது, அவங்க மாவட்ட அளவுல இருக்கிற குழுவைத் தேடிப் போகணும். எங்க அபார்ட்மென்ட்ல வேலைக்கு வர்றவங்க நாலஞ்சு பேர்கிட்ட கேட்டுப் பார்த்தேன், அப்படி ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் தெரியல, ஒருத்தர் "ஒரு நாள் லீவு போட்டாலே சம்பளத்துல பிடிப்பாங்க தம்பி, இதுல கலெக்டர் ஆபீஸ் வேறயா"ன்னு சிரிச்சாங்க. அந்த லீவுக்கு சம்பளம் பிடிக்கிறதும், தனி டம்ளர் வைக்கிறதும் பல வீட்டுல இன்னொரு பெண்தான். அவங்களே ஆபீஸ்ல ப்ரமோஷன் மறுக்கப்பட்டு நொந்து போனவங்களாவும் இருப்பாங்க. ரெண்டும் உண்மைதான்.

இதெல்லாம் 1989ல திடீர்னு முளைச்சதும் இல்ல. 1916லயே கொலம்பியா பல்கலைக்கழகத்துல அம்பேத்கர் எழுதி வாசிச்ச கட்டுரை, சாதிக்குள்ளயே கல்யாணம் பண்றதுதான் சாதியோட அடிப்படை, அதைக் காப்பாத்தத்தான் உடன்கட்டை ஏத்துறதும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தைத் திருமணமும்னு சொல்லுது. சாதியைப் பெண்ணை விட்டுட்டுப் பேச முடியாதுன்னு அவர் அப்பவே போட்டு உடைச்சிட்டார். (இன்னிக்கு கிரென்ஷா பாடம் எடுக்கிற இடங்கள்ல அதே கொலம்பியாவும் ஒண்ணு.)

சரி, ரெண்டாவது கேள்வி, உடைக்குதா? மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவைப் பாருங்க. முதல்ல வந்தது 1996ல, நிறைவேறினது 2023ல. நடுவுல பெரிய சண்டையே உள்ஒதுக்கீடுதான், பிற்படுத்தப்பட்ட பெண்களுக்குத் தனியா கேட்டவங்களைப் பார்த்து பெண்களைப் பிரிக்காதீங்கன்னு சொன்னாங்க. அதுல பல தலைவர்களுக்கு மசோதாவை முடக்குறதுதான் நோக்கம்னு நானும் நினைக்கிறேன், அதுக்காகக் கேட்ட கேள்வி தப்பாயிடாது. கடைசியில வந்த சட்டத்துல எஸ்சி, எஸ்டி தொகுதிகளுக்குள்ள மூணுல ஒரு பங்கு பெண்களுக்கு இருக்கு, ஓபிசி பெண்களுக்குன்னு ஒண்ணும் இல்ல. பெண்களுக்குள்ள பிளவு முன்னாடியே இருந்துச்சு, கேட்டவங்க அதைச் சத்தமா சொன்னாங்க, அவ்வளவுதான்.