'ஃபேம்' கப்பலின் பணி வரலாற்றை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: பழைய படத்தொகுப்பு ஒன்று கைக்கு வந்தது. அதில் ஒரு சிறிய போர்க்கப்பலின் படம். அடியில் 'ஹெச்எம்எஸ் ஃபேம், ஹாங்காங்' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது, ஆண்டு இல்லை. சேகரிப்பாளர் நண்பர்களுக்காக இதன் பணி வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுத ஆசை. இணையத்தில் தேடினால் 1896 என்கிறார்கள், 1897 என்கிறார்கள், 1934 என்கிறார்கள். 'டி' வகுப்பு என்கிறது ஒரு பட்டியல், '30 நாட்' கப்பல் என்கிறது இன்னொன்று. ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தது என்றுகூட இருக்கிறது. எதை நம்புவது? அதிகச் செலவில்லாமல் எங்கே சரிபார்ப்பது?

பதில்: நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை சரியான தகவல்கள்தான். அவை எல்லாம் ஒரே கப்பலைப் பற்றியவை அல்ல, ஒரே கேள்விக்கான பதில்களும் அல்ல. ஒரு கப்பலைப் பற்றி ஓர் ஆண்டைப் பார்த்தவுடன், 'அந்த ஆண்டில் என்ன நடந்தது, இதை எழுதி வைத்தவர் யார்?' என்று கேட்டுப் பழகுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் 1934ஐ ஒதுக்கிவிடலாம். பிரிட்டிஷ் கடற்படை நல்ல பெயர்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். 1934இல் நியூகாசிலில் நீரில் இறக்கப்பட்ட ஃபேம் வேறொரு டெஸ்ட்ராயர் (வேகமான சிறிய போர்க்கப்பல்). அடையாள எண் ஹெச் 78. 1942 அக்டோபரில் யு-353 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தது அதுதான். போருக்குப் பிறகு, 1949இல் அதை டொமினிகன் குடியரசுக்கு விற்றுவிட்டார்கள். இரண்டு ஃபேம்களுக்கும் இரண்டு புகைபோக்கிகளே என்பதால் அதை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. முன்பக்கத்தைப் பாருங்கள். மேல்தளம் ஆமை ஓடு போல வளைந்து இருபுறமும் சரிந்து இறங்கினால் அது பழைய கப்பல். உயரமான பாலமும் (கப்பலை இயக்கும் மேடை), கேடயம் வைத்த பெரிய பீரங்கிகளும், பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எண்ணும் இருந்தால் அது 1934இன் கப்பல். நீளத்திலும் பெரிய வித்தியாசம் உண்டு: பழையது சுமார் 210 அடி, புதியது அதைவிட நூறடிக்கு மேல் அதிகம்.

படத்தில் ஆமை முதுகு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

1896ஆ, 1897ஆ? இரண்டும் சரி. லண்டனில் தேம்ஸ் கரையில் சிஸ்விக் என்ற இடத்தில் இருந்த தார்னிகிராஃப்ட் நிறுவனம் கட்டிய இந்தக் கப்பல் நீரில் இறங்கியது 1896 ஏப்ரலில். இயந்திரம், ஆயுதம் எல்லாம் பொருத்தி, சோதனை ஓட்டம் முடித்து, முழுமையாகக் கடற்படையின் கைக்கு வந்தது 1897இல். சில நூல்கள் முதல் தேதியைப் போடும், சில இரண்டாவதை. அதற்குப் பிறகும் ஒரு தேதி வரும்: மாலுமிகளை ஏற்றிப் பணியில் சேர்த்த நாள். வெளிநாட்டு நிலையங்களில் இருந்த கப்பல்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆட்களை மொத்தமாக மாற்றுவார்கள், அப்போது கப்பலை மறுபடி பணியில் சேர்த்ததாகவே பதிவு செய்வார்கள். அதனால் ஒரே கப்பலுக்கு 'பணியில் சேர்ந்தது' என்று மூன்று நான்கு தேதிகள் கிடைத்தால் பதற வேண்டாம். உங்கள் பக்கத்தில் இவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள்.

'டி' வகுப்பு என்ற பெயர் கப்பல் பிறந்தபோது கிடையாது. அப்போது இவற்றை '30 நாட்' கப்பல்கள் என்றுதான் அழைத்தார்கள் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்). 1912-13 வாக்கில் கடற்படைத் தலைமையகம் பழைய டெஸ்ட்ராயர்களை எல்லாம் எழுத்து வாரியாகப் பிரித்தது. 30 நாட் கப்பல்களில் நான்கு புகைபோக்கி உள்ளவை 'பி', மூன்று உள்ளவை 'சி', இரண்டு உள்ளவை 'டி'. வெறும் புகைபோக்கிக் கணக்குதான். ஆகவே 1900இல் நடந்த சம்பவத்தை எழுதும்போது 'டி வகுப்புக் கப்பலான ஃபேம்' என்று எழுதாதீர்கள். அன்று அதில் இருந்த யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

வேகத்துக்கும் இதே கவனம் வேண்டும். 30 நாட் என்பது ஒப்பந்த வேகம். கப்பலைக் கட்டிய நிறுவனம் எடை குறைவாக வைத்து, தேர்ந்த ஆட்களைக் கொண்டு நல்ல நிலக்கரி போட்டு, அமைதியான கடலில் சில மணி நேரம் ஓட்டிக் காட்டும் வேகம் அது. முழு நிலக்கரியும் குண்டுகளும் ஏற்றி, அலையில் அடிபட்டு, சில ஆண்டுகள் உழைத்த கப்பல் அந்த வேகத்தைத் தொடாது. கடற்படைக்கே இது உறைத்ததால்தான், 1903 முதல் வந்த 'ரிவர்' வகுப்பு டெஸ்ட்ராயர்களுக்கு உண்மையான சுமையோடு 25½ நாட் போதும் என்று விதியை மாற்றினார்கள். முன்பக்கத்தையும் உயர்த்திக் கட்டினார்கள். காகிதத்தில் வேகம் குறைந்தது, ஆனால் பொங்கும் கடலில் புதியவை பழையவற்றை முந்தின. அதனால் உங்கள் பக்கத்தில் '30 நாட் வேகத்தில் ஓடியது' என்று போடாமல், 'ஒப்பந்த வேகம் 30 நாட்' என்று போடுங்கள்.

இனி ஃபேம் உண்மையில் என்ன செய்தது என்பதற்கு வருவோம். எனக்கு இந்தக் கப்பல் மீது மதிப்பு வரக் காரணம் இந்தப் பகுதிதான். ஃபேம் சீன நிலையத்துக்கு, அதாவது சீனக் கடல் பகுதியைப் பார்த்துக்கொண்ட பிரிட்டிஷ் கடற்படைப் பிரிவுக்கு, அனுப்பப்பட்டது. 1899 ஜனவரியில் அதன் பொறுப்புக்கு ரோஜர் கீஸ் என்ற இளம் லெப்டினன்ட் வந்தார். பின்னாளில், 1918 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஜீபுரூக் துறைமுகத் தாக்குதலை நடத்திய அதே கீஸ்தான்.

1899 ஏப்ரலில் ஹாங்காங்குக்கு வடக்கே, குத்தகைக்கு எடுத்த புதிய பிரதேசத்தை பிரிட்டிஷார் கைக்கொள்ளப் போனபோது ஊர் மக்கள் எதிர்த்தார்கள். ஒரு சிறிய பிரிட்டிஷ் குழு சுற்றிவளைக்கப்பட்டது. ஃபேம் கரையோரம் வந்து பீரங்கியால் சுட, கீஸ் ஆட்களோடு இறங்கிப் போய் அந்தக் குழுவை மீட்டார். இதை எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள்: எதிரே நின்றவர்கள் ஒரு நாட்டின் ராணுவம் அல்ல, தங்கள் நிலம் யார் கைக்குப் போகிறது என்று தவித்த கிராமத்தார். பிரிட்டிஷ் அறிக்கைகள் அவர்களைக் கலகக்காரர்கள் என்றே சொல்லும்.

அடுத்தது 1900 ஜூன் 17. வெளிநாட்டாருக்கு எதிராகச் சீனாவில் எழுந்த பாக்சர் கிளர்ச்சியின்போது பெய்ஹோ ஆற்றின் முகத்தில் இருந்த டாகு கோட்டைகளைப் பன்னாட்டுப் படைகள் தாக்கிய இரவு. முகத்துவாரத்தில் மணல்திட்டு. பெரிய போர்க்கப்பல்கள் அதைத் தாண்ட முடியாமல் கடலில் வெகுதூரத்திலேயே நங்கூரம் போட்டிருந்தன. உள்ளே போகக்கூடியவை ஆழம் அதிகம் தேவைப்படாத சிறிய கப்பல்கள் மட்டுமே. ஆற்றுக்குள் ஒரு கரையில் நான்கு சீன டெஸ்ட்ராயர்கள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஜெர்மனியின் ஷிஷாவ் நிறுவனம் கட்டிக் கொடுத்த புத்தம்புதுக் கப்பல்கள் அவை.

ஃபேமும் அதன் துணைக் கப்பல் ஒயிட்டிங்கும் ஆளுக்கொரு துடுப்புப் படகை இழுத்துக்கொண்டு, சும்மா ஆற்றோடு மேலே போவது போல நகர்ந்தன. படகுகளில் தாமாக முன்வந்த மாலுமிகள். சீனக் கப்பல்களுக்கு நேராக வந்ததும் சட்டென்று திரும்பி அவற்றின் மேல் ஒட்டினார்கள். ஒவ்வொரு சீனக் கப்பலுக்கும் ஒரு குழு தாவி ஏறியது. கொஞ்சம் துப்பாக்கிச் சத்தம், கொஞ்சம் கைகலப்பு. சீன மாலுமிகள் கரைக்குத் துரத்தப்பட்டார்கள் அல்லது கீழ்த்தளத்தில் அடைக்கப்பட்டார்கள். மோதியதில் ஃபேமின் அணியம் (முன்முனை) லேசாக வளைந்ததுதான் அதற்கு ஆன சேதம். பிடித்த கப்பல்களை இழுத்துப் போகும் வழியில் ஒயிட்டிங் மீது ஒரு குண்டு விழுந்தது. சில நாட்கள் கழித்து, ஆற்றின் மேல்பகுதியில் இருந்த இன்னொரு கோட்டைக்கு ஃபேமில் 32 பேரை ஏற்றிப் போன கீஸ், அங்கிருந்த பீரங்கிகளையும் வெடிமருந்துக் கிடங்கையும் தகர்த்துவிட்டுத் திரும்பினார்.

தேடும்போது நீங்கள் விழக்கூடிய ஒரு பள்ளம் இங்கே காத்திருக்கிறது. பிடிபட்ட நான்கு கப்பல்களையும் பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ரஷ்யா ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டன. ரஷ்யா மட்டும் வேறு பெயர் வைத்தது. மற்ற மூன்று நாடுகளும் தங்கள் பங்குக்கு வைத்த பெயர் டாகு! இணையத்தில் இந்த மூன்றின் வரலாறும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. எந்தக் கொடி என்று பார்க்காமல் ஒரு வரியைக்கூட எடுக்காதீர்கள். ஒயிட்டிங்கையும் ஃபேமையும் படத்தில் பிரிப்பது சுலபம். ஒயிட்டிங்குக்கு மூன்று புகைபோக்கிகள்.

அதற்குப் பிறகு ஃபேமின் வாழ்க்கையில் பரபரப்பு இல்லை. சீனக் கடலிலேயே ஆண்டுகள் கழிந்தன. 1914இல் உலகப் போர் தொடங்கியபோதும் அது ஹாங்காங்கில்தான் இருந்தது. 1921இல் அங்கேயே விற்றுவிட்டார்கள். அதாவது உங்கள் படம் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் எப்போது வேண்டுமானாலும் எடுத்ததாக இருக்கலாம். படம் ஒட்டிய அட்டையிலோ பின்புறத்திலோ ஸ்டுடியோவின் பெயர் இருந்தால் அந்த இடைவெளியைக் குறைக்க அதுவே நல்ல வழி. ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் அட்டையில் அழுத்தி வைத்த முத்திரை தெரியும்.

சரி, எங்கே சரிபார்ப்பது? காசில்லாமல் தொடங்குங்கள். பிரிட்டிஷ் கடற்படை தன் அதிகாரிகளையும் கப்பல்களையும் 'நேவி லிஸ்ட்' என்ற பெயரில் அச்சிட்டு வந்தது. முதல் உலகப் போர் ஆண்டுகளின் பட்டியல்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அடுத்தடுத்த மாதங்களின் பட்டியலை ஒப்பிட்டால் கப்பலின் பொறுப்பு யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்று தெரியும். 1900 சம்பவத்துக்கு, பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வந்த தளபதியின் அறிக்கையைத் தேடுங்கள், அதுவும் இலவசம். கீஸ் 1939இல் எழுதிய நினைவு நூலிலும் இதெல்லாம் விரிவாக வருகிறது. படிக்க அருமையாக இருக்கும், ஆனால் சம்பவம் நடந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதியது. தேதியில் முரண் வந்தால் நான் அறிக்கையின் பக்கம்தான் நிற்பேன்.

கப்பல் எப்போது எங்கே இருந்தது என்பதற்கு அன்றைய செய்தித்தாளை மிஞ்ச எதுவும் இல்லை. ஹாங்காங் பொது நூலகம் அங்கே வந்த பழைய ஆங்கிலப் பத்திரிகைகளையும், சிங்கப்பூர் தேசிய நூலகம் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதலியவற்றையும் இணையத்தில் தேடும்படி வைத்திருக்கின்றன. வெறும் ஃபேம் என்று தேடினால் 'புகழ்' என்ற பொருளில் ஆயிரம் வரிகள் கொட்டும். கூடவே 'டெஸ்ட்ராயர்' என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்து, ஆண்டையும் குறுக்கிக்கொள்ளுங்கள்.

செலவாகும் இடம் லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகம். நேரில் போய்ப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, நகல் கேட்டால்தான் பணம். கப்பல்களின் லாக் புத்தகங்கள் (அன்றாடப் பதிவேடுகள்) ஏடிஎம் (ADM) 53 என்ற வரிசையில் இருக்கின்றன. அவர்களுடைய இணையப் பட்டியலில் அந்த எண்ணையும் கப்பல் பெயரையும் போட்டு, எந்தெந்தத் தேதிகளுக்கு லாக் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மொத்தமாக நகல் கேட்காதீர்கள். 1900 ஜூன் போல உங்களுக்குத் தேவையான வாரத்தை மட்டும் கேளுங்கள். 1900 சண்டைக்காகத் தரப்பட்ட சீனப் பதக்கம் பெற்றவர்களின் பட்டியல் ஏடிஎம் 171இல் கப்பல் வாரியாக இருக்கிறது. டாகு இரவில் ஃபேமில் இருந்தவர்களின் பெயர்களைத் தேட அதுதான் வசதி.

தனி மாலுமியைத் தேடுவதானால் ஏடிஎம் 188. இங்கே பலர் தடுமாறுவார்கள். டெஸ்ட்ராயர் மாதிரிச் சிறிய கப்பலுக்குத் தனிச் சம்பளக் கணக்கு இருக்காது, ஒரு பெரிய கப்பலின் கணக்கிலேயே ஆட்களை எழுதிவிடுவார்கள். ஹாங்காங்கில் அப்படிப்பட்ட தாய்க் கப்பல் டாமர். அதனால் மாலுமியின் ஏட்டில் டாமர் என்று பெரிதாக இருக்கும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் ஃபேம் என்றிருக்கும். அடைப்புக்குறியைக் கவனிக்காதவர்கள், 'இவர் டாகுவுக்கே போகவில்லை, துறைமுகத்திலேயே இருந்தார்' என்று எழுதிவிடுகிறார்கள்.

கடைசியாக, பக்கத்தை எழுதும் முறை. ஒவ்வொரு வரியிலும் தேதி, நடந்தது, எங்கே பார்த்தீர்கள் என்ற மூன்றும் இருக்கட்டும். '1896 ஏப்ரல், சிஸ்விக்கில் நீரில் இறக்கம்' என்று ஒரு வரி, 'கட்டுமானம் முழுமை, 1897' என்று தனியாக ஒரு வரி. நடுவில் ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தகவல் கிடைக்காவிட்டால் 'சீன நிலையம்' என்று மட்டும் போட்டு அந்த இடத்தை அப்படியே விடுங்கள். படத்துக்கு அடியில் 'ஹெச்எம்எஸ் ஃபேம், ஹாங்காங், 1921க்கு முன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பென்சில் எழுத்து பிறகு யாரோ எழுதியதாகவும் இருக்கலாம் என்பதால், அதை எழுத்து மாறாமல் மேற்கோள் குறிக்குள் தனியாகக் கொடுங்கள்.