“உலக்கை நிற்கிறது, தவளைக்குக் கல்யாணம் என்றெல்லாம் செய்தி எழுதுகிறவர்கள் படித்தவர்கள்தானா? யார் இதையெல்லாம் எழுதுகிறார்கள்?”

பி.எஸ்சி. இயற்பியல். முதல் வகுப்பு. கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்.

ஒரு நாளிதழுக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் தாலுகா நிருபராக இருந்தவன் நான். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று உலக்கை யாரும் பிடிக்காமல் நின்ற செய்தி தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் வந்தது அல்லவா, அதில் ஒன்று என்னுடையது. நீங்கள் பார்த்ததும் அதுதானா என்று தெரியாது. எங்கள் ஆள் எழுதியது, பக்கத்து மாவட்டத்துக்காரர் எழுதியது, டிவிக்காரர்கள் எடுத்தது என்று எல்லாமே ஒரே ஜாடையில்தான் இருக்கும்.

கேள்வி கேட்டவரின் நிலைமை எனக்குப் புரிகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பாவோ சித்தப்பாவோ எதையோ போட்டிருப்பார். இவர் ‘இதெல்லாம் டுபாக்கூர்’ என்று எழுதியிருப்பார். ‘பேப்பர்லயே போட்டிருக்கான், நீ என்ன பெரிய இவனா’ என்று பதில் வந்திருக்கும். பெரியப்பாவைத் திட்ட முடியாது, பேப்பர்காரனைத் திட்டலாம். சரி, திட்டுங்கள். ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அன்றைய கிரகணம் லேசுப்பட்டதல்ல. கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று நம் ஊர்களுக்கு நேர் மேலே வட்ட வளையமாகத் தெரிந்தது. காலை எட்டு மணி வாக்கில் பிடித்து, பதினொன்றேகால் வாக்கில் விட்டது. ஒன்பதரை மணி சுமாருக்கு சூரியனின் ஓரம் மட்டும் நெருப்பு வளையல் போலத் தெரிந்தபோது நான் ஒரு பள்ளி மைதானத்தில் இருந்தேன். அரையாண்டு விடுமுறையிலும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அறிவியல் இயக்கக்காரர்கள் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை வாங்க அடித்துப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வளையம் தெரிந்ததும் மைதானம் முழுக்க ஒரே கூச்சல். ஒரு பெண் குழந்தை கண்ணாடியைக் கழற்றாமலே பக்கத்தில் நின்றவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தது. அந்தப் படம் எனக்கு நன்றாக விழுந்திருந்தது. முதல் பக்கம் போய்விடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு மாவட்ட நிருபர் போன் செய்தார். என்னைவிட வயதில் சின்னவர்.

“அண்ணே, உங்க ஏரியால உலக்கை நிக்குதா?”

“பள்ளிக்கூடத்துல நல்ல படம் ஒண்ணு எடுத்திருக்கேன் தம்பி.”

“அது இருக்கட்டும்ணே. பக்கத்து மாவட்டத்துல உலக்கை வந்திருச்சு. டிவிலயும் ஓடுது. நம்மகிட்ட மட்டும் இல்லன்னா டெஸ்க்ல கேப்பாங்க.”

வேடசந்தூர் பக்கம் தெரிந்த கிராமம் ஒன்றுக்கு வண்டியை விட்டேன். மாரியம்மன் கோயில் முன்னால் பித்தளைத் தாம்பாளம், அதில் மஞ்சள் தண்ணீர், நடுவில் உலக்கை. நிஜமாகவே யாரும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் பெண்கள், குத்துக்காலிட்டு உட்கார்ந்த கிழவர்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்த பையன்கள்.

நான் குனிந்து அடியைப் பார்த்தேன். நாள்பட்ட உலக்கை. மேலே கை பட்டுப் பட்டு வழவழவென்று கறுத்திருந்தது. அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு இரும்புப் பூண்; பல வருஷம் நெல்லையும் மாவையும் இடித்ததில் அதன் விளிம்பு சுற்றிலும் சமமாகத் தேய்ந்து தட்டையாகிவிட்டது. அடி தட்டை, பூண் கனம், தாம்பாளமோ சமதரை. இது நிற்காமல் என்ன செய்யும்? எடைமையம் அடிப்பரப்புக்கு நேர் மேலே இருக்கும்வரை நிற்கும். பொறுமையாக வைத்தால் எந்தச் செவ்வாய்க்கிழமையும் நிற்கும். மற்ற நாளில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அங்கிருந்தவர்களில் மூத்தவரான ஒரு அப்பத்தா எனக்கு விளக்கம் சொன்னார். “கெரகணம் புடிச்சிருக்கையில நிக்கும் சாமி. விட்டதும் தானா சாஞ்சிரும். எங்க மாமியா காலத்துல கடியாரம் ஏது? இத வச்சுத்தான் ஒலை ஏத்தலாமா வேணாமான்னு பாப்போம்.”

சரி, சாய்வதையும் படம் எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதினொன்றரை ஆனது. சாயவில்லை. ‘இன்னும் முழுசா விடல போல’ என்றார் ஒருவர். வானத்தில் சூரியன் முழுசாகக் காய்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணி. கூட்டம் கலைந்தது, பையன்களுக்குப் பசி. உலக்கை பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. கடைசியில் அப்பத்தாவே எழுந்து வந்தார். “எனக்கு அடுப்பு வேல கெடக்கு” என்று உலக்கையை ஒரு கையால் எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டு, தண்ணீரை வேப்ப மரத்தடியில் ஊற்றிவிட்டு, தாம்பாளத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். அதிசயம் முடிந்த விதம் இதுதான்.

நான் அனுப்பிய செய்தியில் நான்கு பத்தி இருந்தது. நின்றது, மக்கள் கூடினார்கள், மூத்தவர்கள் சொல்லும் நம்பிக்கை இன்னது, இதுவரை மூன்று. நான்காவதில், கிரகணம் விலகிய பிறகும் உலக்கை நின்றது, அடிப்பாகம் தட்டையாக இருந்தால் எந்த நாளும் நிற்கும் என்று எழுதியிருந்தேன். மறுநாள் பேப்பரில் மூன்று பத்தி வந்தது. நான்காவது இருந்த இடத்தில் ‘கிரகணம் விலகியதும் உலக்கை சாய்ந்தது. பொதுமக்கள் பரவசம்’ என்று இருந்தது. பள்ளிக்கூடப் படம் உள்பக்கத்தில் தபால்தலை அளவுக்கு.

செய்தியைத் திருத்திப் பக்கத்தில் போடுகிற டெஸ்க்கில் யாரும் சதி செய்யவில்லை. இதைச் சொல்லாவிட்டால் ‘ஊடக மாபியா’ என்று ஆரம்பித்துவிடுவீர்கள். கடைசி நேரத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வந்தது, செய்தியை வெட்ட வேண்டியதாயிற்று. செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். தொழில் பழக்கம் அது. எனவே எங்கள் செய்திகளில் உண்மை எங்கே இருக்கும் என்றால், பெரும்பாலும் வெட்டிய பத்தியில் இருக்கும். ‘சாய்ந்தது’ என்ற வரி வேறு ஊர்ச் செய்தியிலிருந்து ஒட்டியதாக இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் உலக்கைகளுக்குள் என்ன வித்தியாசம்?

விடவில்லை நான். மறுநாள் வீட்டுக் கூடத்தில் தட்டு வைத்து, எங்கள் உலக்கையை நிறுத்தி, பக்கத்தில் அன்றைய பேப்பரைத் தேதி தெரிகிற மாதிரி சாய்த்து வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். மாவட்ட நிருபர் கூப்பிட்டார்.

“அண்ணே, கிரகணம் நேத்தே முடிஞ்சிருச்சேண்ணே. இன்னிக்கு நின்னா அதுல என்ன நியூஸ் இருக்கு?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. சோகம் அதுதான். விநோதச் செய்திக்கு முதல் நாள் மட்டும்தான் உண்டு. மறுநாள் வரும் விளக்கம் செய்தியாகாது. அது வெறும் விஷயம்.

இன்னொன்று பாருங்கள். 2016 பிப்ரவரி 6, அப்போதைய வேலூர் மாவட்டத்தில் நாட்றம்பள்ளி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து, பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். விண்கல் விழுந்ததாகச் சொன்னார்கள். முதலமைச்சர் ஜெயலலிதாவே விண்கல் என்று அறிக்கை விட்டு, குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் அறிவித்தார். விண்கல் விழுந்து இறந்த முதல் மனிதர் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. சில நாளில் நாசா தரப்பில், படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். அதுவும் பத்திரிகைகளில் வந்தது. ஆனால் இன்றைக்கும் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், ‘ஆமா, வேலூர்ல விண்கல் விழுந்து ஒருத்தர் செத்தாரே’ என்பார்கள்.

மறுநாள் செய்திக்கு இடம் கிடைக்க வேண்டுமானால் அதுவும் முதல் நாள் அளவுக்கு விநோதமாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்ட தவளைக் கல்யாணம் போபால் சமாச்சாரம் என்றால், அது அப்படித்தான். 2019 ஜூலையில் மழை வேண்டித் தவளை ஜோடிக்குக் கல்யாணம் செய்தார்கள். மழை கொட்டித் தீர்த்தது. போதும்டா சாமி என்று செப்டம்பரில் அதே ஜோடியைப் பிரித்துவைத்தார்கள். இந்த விவாகரத்துக்குக் கல்யாணத்தைவிட அதிக இடம் கிடைத்தது.

‘அந்தக் காலப் பத்திரிகை இப்படியா இருந்தது’ என்று கேட்கவும் ஆள் வருவார்கள். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தபோது வாட்ஸ்அப் இல்லை, யூடியூப் இல்லை. ஒரே நாளில் டெல்லியிலிருந்து தெருமுனைக் கோயில்வரை கரண்டியும் கையுமாக வரிசை. விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. பாலில் வண்ணம் கலந்து, பரப்பு இழுவிசையால் பால் கரண்டியிலிருந்து சிலைமேல் ஏறி மெல்லிய படலமாக வழிகிறது என்று காட்டினார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு நின்றதுதான் நினைவிருக்கிறது.

யாருடைய நம்பிக்கையையும் நான் கிண்டல் செய்யவில்லை. அந்த அப்பத்தாவுக்கு என்னைவிட விவரம் அதிகம். சாயாத உலக்கையைச் சண்டை போடாமல் தூக்கிக்கொண்டு போனவர் அவர். ‘பரவசம்’ அங்கே யாருக்கும் இல்லை. பேச்சுத் துணைக்கு ஒரு காலைப்பொழுது, அவ்வளவுதான். பரவசத்தைச் சேர்த்தது நாங்கள்.

யூடியூப்காரர்கள் வந்தபின் பரவசம் போதவில்லை. ‘உறைந்துபோன மக்கள்’, ‘அடுத்து நடந்த திக் திக் சம்பவம்’, ‘கடைசி வரை பாருங்கள்’. கடைசி வரை பார்த்தால் சப்ஸ்க்ரைப் செய்யச் சொல்வார்கள். வெட்டிய பத்தி என்ற ஒன்றாவது எங்களிடம் இருந்தது. அங்கே அப்படி ஒரு பத்தியை யாரும் எழுதுவதே இல்லை.

2020 ஜூன் 21 அன்று மறுபடி கிரகணம், ஊரடங்கு நேரம். எல்லோர் கையிலும் போன், எல்லோருக்கும் பொழுது. என் மச்சினன் ஒரு படம் அனுப்பினான். ‘மாமா, சேலத்துல பாருங்க’ என்று. பித்தளைத் தாம்பாளம், மஞ்சள் தண்ணீர், பின்னால் வேப்ப மரம், ஓரத்தில் பாதி தெரியும் என் டிவிஎஸ் வண்டியின் கைப்பிடி. நான் எடுத்த படம். மேலே இரட்டை அம்புக்குறியோடு ‘பலமுறை பார்வர்ட் செய்யப்பட்டது’ என்று இருந்தது. ‘இது நான் எடுத்தது மாப்ள, போன வருஷம்’ என்றேன். ‘அப்ப அங்கயும் நின்னிருக்கு’ என்றான். இதற்கு மேல் என்ன பேச?

அந்த இரட்டை அம்புக்குறி சும்மா வரவில்லை. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடி, மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவை, குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொன்றார்கள். நாட்டில் வேறு பல இடங்களிலும் நடந்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்குமேல் பார்வர்ட் செய்ய முடியாது என்று இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை சுற்றிய செய்தியை ஒரு முறைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். உலக்கை யாரையும் கொல்லவில்லை. விநோதச் செய்தி எழுதுகிறவர்களைக் கேள்வி கேட்கும் ஆவேசத்தில் கொஞ்சம் பார்வர்ட் செய்கிறவர்கள் பக்கமும் திருப்பினால் நல்லது.

சேலத்துப் படத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்தப் படம் பேப்பரில் வந்தபோதே என் பெயர் இல்லை. தாலுகா நிருபருக்கு மாதச் சம்பளம் கிடையாது என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. வந்த செய்திக்கும் படத்துக்கும் கணக்குப் போட்டு ஏதோ கொடுப்பார்கள், பெட்ரோலுக்குக் காணாது. பிழைப்பு விளம்பரக் கமிஷனில். தீபாவளி மலருக்கு ஜவுளிக்கடை, பொங்கலுக்குப் பாத்திரக்கடை, தலைவர் பிறந்தநாளுக்கு ஒன்றியச் செயலாளர். காலையில் எவரைப் பற்றிப் புகார்ச் செய்தி எழுதினோமோ அவரிடமே சாயங்காலம் கால் பக்க விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். அது வராவிட்டால் அடுத்த வருஷம் அடையாள அட்டை புதுப்பிக்கப்படாது. எனக்குப் புதுப்பிக்கவில்லை. பத்திரிகையின் பெயர் வேண்டாம். எல்லா இடத்திலும் இதுதான் நிலைமை. தனியாக ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் யோக்கியர் ஆகிவிடுவார்கள்.

இதே திண்டுக்கல் மாவட்டத்தில்தான், 1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1909இல் எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை அங்கே உட்கார்ந்துதான் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். கிரகணத்துக்கு முந்தைய வாரம் அதைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தேன். ‘நல்லாருக்குண்ணே, இடம் இருந்தா போடுறோம்’ என்றார்கள்.

ஆக, எழுதுகிறவர்கள் படித்தவர்கள்தான். இனி ஏதாவது விநோதச் செய்தி வந்து பெரியப்பாவோடு தகராறு என்றால், அந்த ஊர்த் தாலுகா நிருபர் யாரென்று விசாரித்து ஒரு போன் போடுங்கள். ஏஜென்ட் கடையில் கேட்டால் நம்பர் தருவார்கள். வெட்டிய பத்தியை வார்த்தை மாறாமல் சொல்வார். யாரும் கேட்காத பத்தி அது, கேட்டால் சந்தோஷப்படுவார். தீபாவளிக்கு முந்தைய வாரம் மட்டும் கூப்பிடாதீர்கள். ஜவுளிக்கடை வாசலில் நின்றுகொண்டிருப்பார்.