பாண்டி பீச் ரோட்ல அம்மாவோட நடக்க எந்த நேரம் நல்லது?

கேள்வி: பொங்கல் லீவுல அம்மாவ பாண்டிச்சேரி கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். அவங்களுக்கு முழங்கால் வலி, தொடர்ந்து நடக்க முடியாது. பீச் ரோட்டுக்கு காலைல வரதா சாயந்தரம் வரதா? சின்ன வயசுல வந்தப்ப வெறும் பாறையாத்தான் இருந்துச்சு, இப்பவாவது அம்மா கால் நனைக்க மணல் இருக்கா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: காலைலதாங்க, யோசிக்கவே வேணாம். சாயந்தரம் 6 மணிலேந்து மறுநாள் காலை 7.30 வரைக்கும் அந்த ரோட்ல வண்டி விட மாட்டாங்க, ஆனா லீவு நாள் சாயந்தரம்னா கூட்டம் இடிச்சு தள்ளும், கால் வலிக்கிறவங்களுக்கு அது சரிப்படாது. காலைல 6 மணிக்கு வந்து காந்தி சிலைகிட்ட உக்காந்துடுங்க, அந்த நேரத்துக்கு கெழக்க செவக்க ஆரம்பிச்சிருக்கும். சிலைய சுத்தி நிக்குதே 8 கருங்கல் தூண், அது உங்க ஊர் பக்கம் செஞ்சிலேந்து வந்தது, அம்மாகிட்ட சொல்லுங்க, தொட்டுப் பாப்பாங்க. கிட்டக்கயே 1836ல கட்டின பழைய லைட்ஹவுஸ், அதுக்கு மேல நடக்க வெக்க வேணாம்.

மணல் விஷயம் கேட்டீங்களே, அது எங்க ஊரோட பெரிய வருத்தம். இந்தக் கரைல வருஷத்துல பாதிக்கு மேல கடல் மணல தெக்குலேந்து வடக்கதான் தள்ளிட்டுப் போகும், 1980கள்ல ஊருக்கு தெக்க துறைமுகத்துக்கு கடலுக்குள்ள கல்லணை நீட்டினாங்க, மணல் அங்கயே நின்னுடுச்சு, இந்தப் பக்கம் அலை கரைய அரிச்சுக்கிட்டே வந்துச்சு, ரோடு போயிடக் கூடாதுன்னு கல்லக் கொட்டினாங்க, நீங்க பாத்தது அந்தக் கல்லுதான். அப்புறம் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல தண்ணிக்கு அடில ஆப்பு மாதிரி ஒரு பெரிய இரும்பு அமைப்ப இறக்கினாங்க, அலையோட வேகம் கொறஞ்சு மணல் வந்து தங்குச்சு. அங்க முதல் தடவ மணல மிதிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சுங்க, இல்லாமப் போனதுன்னு நெனச்சது திரும்பி வந்தா சும்மாவா. அம்மாவ அங்க கூட்டிட்டுப் போங்க. கல்லு மேல மட்டும் இறங்க விடாதீங்க, பச்சப் பாசி, காஞ்ச மாதிரி தெரியும், கால வெச்சா சர்ருன்னு வழுக்கிடும்.

வெயில் ஏறினதும் ஆட்டோ புடிச்சு பாரதி பூங்காவுக்கு வந்துடுங்க, சட்டசபை பக்கத்துல, நல்ல நிழல். நடுவுல வெள்ளையா ஆயி மண்டபம். ஆயின்னு ஒரு தாசி, அவங்க வீட்ல வெளக்கு ஜொலிக்கிறதப் பாத்து கோயில்னு நெனச்சு கிருஷ்ணதேவராயர் கும்புட்டுட்டாராம், விஷயம் தெரிஞ்சதும் கோவத்துல வீட்ட இடிக்கச் சொல்ல, அந்தம்மா நானே இடிக்கிறேன்னு இடிச்சு அதே எடத்துல ஊருக்கு கொளம் வெட்டினாங்கன்னு கத. பிரெஞ்சுக்காரங்க காலத்துல முத்திரையர்பாளையத்துல இருந்த அந்தக் கொளத்துலேந்து ஊருக்கு தண்ணி கொண்டு வந்தப்ப, மூணாம் நெப்போலியன் அந்தம்மா பேர்ல எழுப்பின மண்டபம் இது. ஒரு ராஜாவுக்கும் ராணிக்கும் இல்லாம, தண்ணி குடுத்தவளுக்கு ஊர் நடுவுல மண்டபம் இருக்கு பாருங்க, எனக்கு பாண்டிலயே ரொம்பப் புடிச்ச எடம் இதுதான். கத முழுசா அம்மாவுக்கு சொல்லி முடிக்கிற வரைக்கும் அங்கயே உக்காருங்க, காலுக்கும் ஆறுதலா இருக்கும்.