ஆம்ப்ளிஃபயர்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: நண்பர் வீட்டில் 300பி வால்வு (கண்ணாடிக் குழல்) ஆம்ப்ளிஃபயரில் கேட்ட குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. அதையே கடன் வாங்கி வந்து என் ஸ்பீக்கரில் போட்டால், சத்தம் கூட்டியதும் கரகரக்கிறது, பேஸ் தொளதொளவென்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்புங்கள், உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஒற்றை 300பி தருவது ஏறக்குறைய 8 வாட். சென்சிடிவிட்டி என்பது ஒரு வாட் கொடுத்தால் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு. நண்பரின் ஸ்பீக்கர் 96 டெசிபல் சென்சிடிவிட்டி, உங்களுடையது 86 என்று வைத்துக்கொள்வோம். 10 டெசிபல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு வாட், அதாவது அவருக்கு 8 வாட்டில் வரும் சத்தம் உங்களுக்கு வர 80 வாட் வேண்டும். அந்த ஆம்ப் பாவம், எங்கே போகும்? பேஸ் விஷயம் வேறு. இந்த வகை வால்வு ஆம்ப்புகளின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டு முனையில் ஆம்ப் காட்டும் மின்தடை) பெரும்பாலும் ஓரிரு ஓம் இருக்கும், நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அது 0.1 ஓமுக்கும் கீழே. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரும் எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓமாக இருப்பதில்லை, ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஒலியும் வளைகிறது, ஸ்பீக்கரில் அசையும் கூம்பான கோனைப் பிடித்து நிறுத்தும் பிடியும் தளர்கிறது. குரலில் கேட்ட கனிவுக்கு வால்வு சேர்க்கும் இரண்டாம் ஹார்மோனிக்கும் ஒரு காரணம். அது மூல ஸ்வரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே விழுவதால் உறுத்தாமல் சதைப்பிடிப்பாகக் கேட்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஆனால் பதிவில் இல்லாத ஒன்றை அது சேர்க்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: கிளாஸ் ஏ-தான் உண்மையான இசை, ஏபி எல்லாம் சமரசம் என்கிறார்களே?

பதில்: கிளாஸ் ஏ-யில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் ஒரு நொடியும் ஓய்வதில்லை, அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கை மாறும் இடத்தில் வரும் கிராஸ்ஓவர் பிசிறு இல்லை. ஆனால் வெப்பம்! சேனலுக்கு 25 வாட் தரும் ஆம்ப், பாட்டே ஓடாதபோதும் 200 வாட்டை ஒட்டி இழுக்கலாம். ஏபி-யில் மெல்லிய சத்தத்தில் மட்டும் எல்லா டிரான்சிஸ்டரும் சேர்ந்து வேலை செய்யும், சத்தம் கூடினால் மாறி மாறி. அதில் பயஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம்) குறைவாக வைத்திருந்தால் மெல்லிய சத்தத்தில்தான் குறை தெரியும். பியானோ ஸ்வரம் தேய்ந்து அடங்கும் கடைசிப் பகுதியில் ஒரு சொரசொரப்பு வரும். பயஸ் சரியாக இருக்கும் நல்ல ஏபி ஆம்ப்பில், வீட்டில் கேட்கும் சத்தத்தில், என் காதுக்கு ஏ-யோடு வித்தியாசம் பிடிபடவில்லை. அந்தக் கூடுதல் செலவை நான் ஸ்பீக்கரில் போடுவேன்.

கேள்வி: கிளாஸ் டி டிஜிட்டல் என்பதால்தான் வறட்சியாக ஒலிக்கிறதா?

பதில்: டி என்பது டிஜிட்டலைக் குறிப்பதல்ல, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். நொடிக்குப் பல லட்சம் தடவை சுவிட்ச் ஆகும் அலையை, கடைசியில் ஒரு கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும் வடிகட்டி இசையாக்குகின்றன. பழைய டிசைன்கள் பலவற்றில் ஃபீட்பேக்கை (பிழையைத் திருத்த வெளியீட்டிலிருந்து திருப்பி அனுப்பும் சிக்னலை) அந்த வடிகட்டிக்கு முன்னாலேயே எடுத்தார்கள், ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ட்ரெபிள் மாறியது. கெட்ட பெயர் அங்கிருந்து வந்ததில் நியாயம் உண்டு. ஹைபெக்ஸ் நிறுவனத்தின் என்கோர் போன்ற கிளாஸ் டி டிசைன்கள் வடிகட்டிக்குப் பின்னால் எடுக்கின்றன. நான் கேட்டவரை பேஸில் நல்ல பிடி, பின்னணி இரைச்சல் மிகக் குறைவு, வறட்சி எதுவும் இல்லை.

கேள்வி: வீட்டில் இரண்டு ஆம்ப்பை எப்படி ஒப்பிடுவது?

பதில்: முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே "இதில் விவரம் அதிகம்" என்று தோன்றிவிடும், சத்தம் கூடியதாகத் தெரியவே தெரியாது. 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இரண்டிலும் ஒரே அளவு வரச் செய்யுங்கள். அப்புறம் எது ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாராவது மாற்றட்டும். வயரைக் கழற்றும் முன் ஆம்ப்பை அணைத்துவிட வேண்டும். முக்கியமாக வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓடவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடக்கூடும்.