34 வயதில் ஏதாவது தற்காப்புக் கலை கற்க ஆசை. கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ, சிலம்பம்: எது எனக்குப் பொருந்தும்?

கடையில் உட்கார்ந்தே வேலை, ஊர் தர்மபுரி, இதுவரை எதுவும் கற்றதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எது சிறந்தது என்று யாரைக் கேட்டாலும் அவரவர் கற்றதைத்தான் சொல்வார்கள், அதனால் அதை விடுங்கள். எதிரில் நிற்கிறவர் எவ்வளவு கிட்ட வந்தால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று முதலில் யோசித்துப் பாருங்கள்.

சிலம்பத்தில் கம்பு நெற்றி உயரம், ஆள் அந்தப் பக்கம் தள்ளித்தான் நிற்பார். டேக்வாண்டோ என்றால் கால் நீளம்: போட்டியில் குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, அப்புறம் யார் கையை நீட்டப் போகிறார்கள்? கராத்தே, பாக்சிங் கை எட்டும் தூரம். ஜூடோவில் தூரமே கிடையாது, எதிராளி உங்கள் காலரைப் பிடித்துத் தொங்குவார், அவர் வியர்வை உங்கள் மேல் வழியும். சிலருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, எனக்கு யாராவது தோளில் கை போட்டாலே நெளியும். இது புரியவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

நான் பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். விடியற்காலையிலேயே உட்கார்ந்தால் பகல் வரை எழுந்திருக்க முடியாது. 29 வயதில் ஒரு கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். சிமெண்ட் தரை, சுற்றி எல்லாம் ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைகள், ஆரம்பமே வாத்து நடையில் மைதானத்தை இரண்டு சுற்று. மூன்றாவது மாதம் வலது முழங்கால் வீங்கிவிட்டது. மாஸ்டரிடம் சொன்னால் "பழகிடும்" என்றார், அடுத்த வாரம் பெல்ட் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டச் சொன்னார். பிள்ளைகள் முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு இன்னும் ஒரு மாதம் போனேன் பாருங்கள், அது என் முட்டாள்தனம்.

இதைக் கராத்தேயின் தப்பு என்று சொல்ல மாட்டேன். கராத்தே என்று ஒன்றே ஒன்று இல்லை என்பதே எனக்கு அப்போது தெரியாது. ஷோட்டோகானில் முழங்காலை மடக்கித் தாழ்வாக, அகலமாக நிற்க வேண்டும். கோஜு ரியூவில் நிலைகள் பெரும்பாலும் குறுகலாக, கொஞ்சம் உயரமாக இருக்கும். கியோகுஷினில் உடம்பில் நிஜமாகவே அடிப்பார்கள். எந்தப் பாணி என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஜூடோவையும் வயதைக் காரணம் காட்டித் தள்ளாதீர்கள். 1882-ல் கானோ ஜிகோரோ தொடங்கிய அந்தக் கலையில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அடிபடாமல் விழுவதுதான், பைக் ஓட்டுகிற நமக்கு வேறு எதையும் விட அது உதவும். ஆனால் மெத்தை இல்லாத இடத்தில் ஜூடோ என்று யாராவது சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

நான் கடைசியில் போய் நின்றது சிலம்பத்தில். முதல் ஆறு வாரம் காலடி மட்டும்தான், கம்பைக் கொடுத்த அன்றே என் காதில் நானே அடித்துக்கொண்டேன். ஆசான் விவசாயி, அறுபதைத் தாண்டியவர், சிரிக்கக்கூட இல்லை. "தம்பி, கையச் சுத்தாத, மணிக்கட்டச் சுத்து" என்று என் முழங்கையை இடுப்போடு சேர்த்து ஒரு துண்டால் கட்டிவிட்டார். அரை மணி நேரம் கழித்துக் கம்பு முதல் முறையாக 'விர்'ரென்று சத்தம் போட்டது. நம் பக்கத்து நடுகற்களில் வில்லும் வாளுமாக நிற்கிற வீரர்களைப் படம் எடுத்து 'இது நம் ரத்தத்திலேயே இருக்கிறது' என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்களே, ரத்தத்தில் இருந்திருந்தால் என் காது வீங்கியிருக்காது.

தெருவில் வம்பு வந்தால் உதவுமா என்று கேட்டால், கம்போடு டவுன் பஸ்ஸில் ஏற முடியாது, அவ்வளவுதான் சொல்வேன்.

சேருவதற்கு முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். முப்பதைத் தாண்டியவர் ஒருவராவது இருக்கிறாரா, ஒருவனுக்கு வலித்தால் மாஸ்டர் என்ன செய்கிறார், தரை என்ன தரை, இவ்வளவு போதும். மழைக்காலத்தில் எங்கே நடத்துவார்கள் என்றும் கேளுங்கள். எங்களுடையது களத்துமேட்டில், ஐப்பசியில் பாதி நாள் லீவு.